கிட்டார் ஆம்ப்பின் பின்பக்கத்து ஜாக்குகள்: எதில் எதைச் செருகுவது?

கிட்டார் ஆம்ப்பைத் திருப்பிப் பார்த்தால் பின்பலகையில் ஒரே அளவில் ஆறேழு ஓட்டைகள் இருக்கும். எல்லாவற்றிலும் அதே கால் அங்குல பிளக் கச்சிதமாக நுழையும். சிக்கலே அதுதான். ஒன்றிலிருந்து 20 வோல்ட் வெளியே வருகிறது. பக்கத்து ஜாக்கில் ஒரு வோல்ட் வந்தாலே பெரிய விஷயம். அதற்கடுத்தது எதையும் வெளியே அனுப்புவதே இல்லை, உள்ளே வாங்கிக்கொள்ளும். ஆகவே பிளக் நுழைகிறதா என்று பார்க்காதீர்கள். கேபிளின் மறுமுனை எங்கே போகப் போகிறது என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, அதற்கேற்ற ஜாக்கைத் தேடுங்கள்.

பெங்களூரில் காக்ஸ் டவுன், லிங்கராஜபுரம் பக்கம் சர்ச் பாட்டுக்குழுவிலும் காலேஜ் பேண்டிலும் வாசிக்கும் நம் பிள்ளைகளுக்கு ஜாம் ரூமில் ஆம்ப் மாட்டிக் கொடுப்பது ரொம்ப நாளாக என் வேலை. அவர்கள் தடுமாறும் இடங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். அதனால், தப்பாகச் செருகினால் ஆம்ப்பே போய்விடும் ஜாக்கை முதலிலும், தப்பாகச் செருகினால் சத்தம் மட்டும் கெடும் ஜாக்குகளை அப்புறமும் வைத்திருக்கிறேன். இதே வரிசையில் படியுங்கள்.

1. கையில் இருக்க வேண்டியவை

ஒரு டார்ச். பின்பலகையின் எழுத்து பொடியாக இருக்கும், மேடையில் வெளிச்சமும் இருக்காது. ஊகத்தில் செருகுவதில்தான் பாதி விபத்து நடக்கிறது.

சாதாரண மல்டிமீட்டர் ஒன்று. எஸ்.பி. ரோட்டு எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் கிடைக்கும் மலிவான மீட்டரே போதும். கேபினெட்டின் (ஸ்பீக்கர் பெட்டியின்) ஓமை, அதாவது மின்தடை அளவை, சரிபார்க்கவும், எர்த் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்கவும் வேண்டும்.

கேபிளில் மூன்று வகை: கிட்டார் கேபிள், ஸ்பீக்கர் கேபிள், மிக்சருக்குப் போகும் எக்ஸ்எல்ஆர் கேபிள். முதல் இரண்டும் வெளியே பார்க்க ஒன்றுபோல இருக்கும். அவற்றைப் பிரித்தறிவது எப்படி என்று நாலாவது பகுதியில் சொல்கிறேன்.

ஆம்ப்பின் மேனுவல். தாளாக இல்லாவிட்டாலும் போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். மாடலுக்கு மாடல் மாறும் விஷயங்கள் இதில் நிறைய.

2. டியூப் ஆம்ப்பா, டிரான்சிஸ்டர் ஆம்ப்பா?

வேறு எதற்கும் முன்னால் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். இரண்டும் கெட்டுப்போகும் விதம் நேர் எதிர். பின்பக்க வலைக்குள் கண்ணாடிக் குழல்கள் தெரிந்தால் டியூப் ஆம்ப். பலகையில் ஸ்டாண்ட்பை சுவிட்ச் இருந்தாலும் பெரும்பாலும் டியூப்தான்.

டியூப் ஆம்ப் ஸ்பீக்கர் இல்லாமல் ஓடக் கூடாது. உள்ளே இருக்கும் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் தன் சக்தியை எங்காவது இறக்கியாக வேண்டும். ஸ்பீக்கர் இல்லாதபோது அந்தச் சக்தி உள்பக்கமே திரும்பி, மின்னழுத்தம் எகிறிவிடும். டியூப் சாக்கெட்டில் பொறி பறக்கலாம், டிரான்ஸ்ஃபார்மர் சுருளின் காப்பு உடையலாம். கிட்டாரைத் தொடாமல் சும்மா வைத்திருந்தால் ஒன்றும் ஆகாமல் போகலாம், சத்தமாக ஒரு கார்டு அடித்தால் போதும். டிரான்ஸ்ஃபார்மர் மாற்றுவதுதான் டியூப் ஆம்ப்பில் ஆகும் பெரிய செலவு.

டிரான்சிஸ்டர் ஆம்ப் ஸ்பீக்கர் இல்லாமல் இருந்தால் பொதுவாகப் பொறுத்துக்கொள்ளும். அதனால் தாங்க முடியாதது, குறிப்பிட்டதைவிடக் குறைந்த ஓம். அப்போது மின்னோட்டம் அதிகமாகி டிரான்சிஸ்டர்கள் சூடேறிப் போய்விடும்.

3. ஸ்பீக்கர் அவுட்: கவனமாக இருக்க வேண்டிய ஒரே இடம் என்றால் இதுதான்

50 வாட் ஆம்ப் 8 ஓம் ஸ்பீக்கரை முழுச் சத்தத்தில் ஓட்டும்போது இந்த ஜாக்கில் 20 வோல்ட், இரண்டரை ஆம்பியர் ஓடுகிறது. 100 வாட் என்றால் 28 வோல்ட்டுக்குப் போகும். மிக்சரின் லைன் இன்புட் எதிர்பார்ப்பதோ ஏறக்குறைய ஒரு வோல்ட், மைக் இன்புட் எதிர்பார்ப்பது சில மில்லிவோல்ட். ஆகவே ஸ்பீக்கர் அவுட்டிலிருந்து மிக்சருக்கோ, லேப்டாப்பில் பதிவு செய்ய உதவும் ஆடியோ இன்டர்ஃபேஸுக்கோ, ஹெட்போனுக்கோ ஒருபோதும் கேபிள் போகக் கூடாது. "அண்ணா, இதுவும் அவுட்தானே, லேப்டாப்புக்கு இதிலிருந்து எடுத்தா என்ன?" என்ற கேள்வி எனக்கு மாதம் தவறாமல் வரும். எடுத்தால் இன்டர்ஃபேஸ் போய்விடும். டியூப் ஆம்ப்பாக இருந்தால் கூடவே ஆம்ப்பும் போகும், ஏனென்றால் இன்டர்ஃபேஸை ஸ்பீக்கராக அது ஏற்றுக்கொள்ளாது, ஸ்பீக்கரே இல்லாமல் ஓடுகிற நிலைதான்.

ஆம்ப்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில் இருக்கும் காம்போ ஆம்ப்பிலும் இதே ஆபத்து உண்டு. உள்ளே இருக்கும் ஸ்பீக்கரின் ஒயர் பெரும்பாலும் பின்னால் இந்த ஜாக்கில்தான் செருகியிருக்கும். ராத்திரி சத்தம் வேண்டாம் என்று அந்தப் பிளக்கைப் பிடுங்கி, அதே இடத்தில் ஹெட்போனைச் செருகியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இனி ஓம் கணக்கு. டியூப் ஆம்ப்பில் 4, 8, 16 என்று தனித்தனி ஜாக்கோ, ஒரு திருகு சுவிட்சோ இருக்கும். கேபினெட் எத்தனை ஓமோ அதே எண்ணில் வையுங்கள். "கிட்டத்தட்ட சரி" என்பதைப் பற்றி ஆளாளுக்கு ஒரு கருத்து வைத்திருப்பார்கள். வாடகை ஆம்ப்பில் அந்தச் சோதனை வேண்டாம். டிரான்சிஸ்டர் ஆம்ப்பில் "குறைந்தது 4 ஓம்" என்று போட்டிருந்தால் 4, 8, 16 எதுவும் மாட்டலாம். ஓம் கூடக் கூட சத்தம் கொஞ்சம் குறையும், அவ்வளவுதான்.

இரண்டு கேபினெட் மாட்டும்போதுதான் குழம்புவார்கள். ஆம்ப்பில் ஒன்றுபோல இரண்டு ஸ்பீக்கர் ஜாக் இருந்தால் அவை பொதுவாகப் பக்க இணைப்பில் இருக்கும், அதாவது ஓம் பாதியாகும். இரண்டு 16 ஓம் கேபினெட் சேர்ந்தால் 8. இரண்டு 8 சேர்ந்தால் 4. பலர் எட்டும் எட்டும் பதினாறு என்று கூட்டிவிட்டு 16-இல் செருகிவிடுகிறார்கள். கூட்டாதீர்கள். சில ஆம்ப்களில் ஜாக்கின் மேலேயே "1×8 அல்லது 2×16" என்று அச்சடித்திருக்கும். ஒரு 8 ஓம் கேபினெட்டோ இரண்டு 16 ஓம் கேபினெட்டோ மாட்டலாம் என்று பொருள், கணக்கை அவர்களே போட்டுக் கொடுத்துவிட்டார்கள்.

கேபினெட்டில் ஓம் எழுதியிருக்கும் ஸ்டிக்கர் கிழிந்து போயிருந்தால்? அதை ஆம்ப்பிலிருந்து கழற்றிவிட்டு, ஸ்பீக்கர் கேபிளின் ஒரு முனையைக் கேபினெட்டில் செருகி, மறுமுனைப் பிளக்கின் நுனியிலும் உடலிலும் மீட்டரை வையுங்கள். 8 ஓம் கேபினெட் மீட்டரில் 8 காட்டாது, 6-லிருந்து 7 வரை காட்டும். 16 என்றால் 12, 13 போல. 4 என்றால் 3-க்குக் கொஞ்சம் மேலே. மீட்டர் அளப்பது நேர்மின்னோட்டத்துக்கான தடையை மட்டும், அதனால்தான் இந்த வித்தியாசம். முடிவே இல்லாத அளவு காட்டினால் உள்ளே ஒயர் அறுந்திருக்கிறது என்று அர்த்தம். அந்தக் கேபினெட்டை டியூப் ஆம்ப்பில் மாட்டக் கூடாது.

'எக்ஸ்டென்ஷன்' என்று தனியாக ஒரு ஜாக் இருந்தால், மெயின் ஜாக்கில் ஸ்பீக்கர் செருகிய பிறகே அதைப் பயன்படுத்துங்கள். பல ஃபெண்டர் ஆம்ப்களில் மெயின் ஜாக் காலியாக இருந்தால், ஆம்ப்பைக் காப்பாற்றுவதற்காக அது தன்னைத் தானே ஷார்ட் செய்துகொள்ளும். அப்போது எக்ஸ்டென்ஷனில் மட்டும் கேபினெட் செருகினால் சத்தமே வராது. ஆம்ப் கெட்டுப்போச்சு என்று அலைய வேண்டாம்.

4. ஸ்பீக்கர் கேபிளும் கிட்டார் கேபிளும்

பிளக்கின் உலோக மூடியைத் திருகிக் கழற்றுங்கள். உள்ளே தடிமனான, ஒரே அளவுள்ள இரண்டு ஒயர்கள் இருந்தால் ஸ்பீக்கர் கேபிள். நடுவில் நூல் மாதிரி ஒரு மெல்லிய கம்பியும், அதைச் சுற்றி இருந்த வலையை முறுக்கிப் பற்றவைத்த இன்னொரு முனையும் இருந்தால் கிட்டார் கேபிள். வார்த்து மூடிய பிளக்காக இருந்து திறக்க முடியவில்லையா, கேபிளின் மேலே அச்சடித்த எழுத்தைப் படியுங்கள். அதுவும் இல்லை என்றால் ஸ்பீக்கருக்கு அதைப் பயன்படுத்தாதீர்கள்.

கிட்டார் கேபிளின் நடுக்கம்பி இரண்டரை ஆம்பியருக்காகச் செய்ததல்ல. அது சூடேறும், சத்தத்தைத் தின்னும், ஒரு கட்டத்தில் உருகி ஷார்ட் ஆகும் அல்லது அறுந்துபோகும். அறுந்தால் ஸ்பீக்கர் இல்லாத டியூப் ஆம்ப்தான் மிச்சம். மாற்றிச் செருகினால், அதாவது கிட்டாருக்கு ஸ்பீக்கர் கேபிள் போட்டால், ஆபத்து இல்லை. வலைக் கவசம் இல்லாததால் ஊரில் உள்ள இரைச்சல் எல்லாம் உள்ளே வரும்.

நீங்களே செய்துகொள்ள விரும்பினால் எஸ்.பி. ரோட்டில் 1.5 சதுர மில்லிமீட்டர் இரட்டை ஒயரும் உலோக உடல் பிளக் இரண்டும் வாங்கிப் பற்றவைத்தால் போதும். ஹெட்டிலிருந்து (ஸ்பீக்கர் இல்லாத தனி ஆம்ப்பிலிருந்து) கேபினெட்டுக்கு ஒரு மீட்டர் தாராளம். செய்து முடித்ததும் இரண்டு முனையிலும் சிவப்பு டேப் சுற்றிவிடுங்கள். இருட்டு மேடையில் அவசரமாகக் கேபிள் தேடும்போது உதவும்.

5. லைன் அவுட், டி.ஐ. அவுட்

மிக்சருக்குப் போக வேண்டிய சத்தம் இங்கிருந்துதான் போக வேண்டும். இரண்டும் ஒரே வேலைக்கு என்றாலும் நடைமுறையில் வேறு. லைன் அவுட் பெரும்பாலும் கால் அங்குல ஜாக், அளவு ஏறக்குறைய ஒரு வோல்ட். ரோலண்ட் ஜேசி-120 போன்ற ஸ்டீரியோ ஆம்ப்பில் இடது, வலது என்று இரண்டு இருக்கும். டி.ஐ. (டைரக்ட் இன்ஜெக்ஷன்) அவுட் மூன்று பின் கொண்ட எக்ஸ்எல்ஆர். ஒரே சிக்னலை ஒரு ஒயரில் நேராகவும் இன்னொன்றில் தலைகீழாகவும் அனுப்பும். வழியில் சேரும் இரைச்சல் இரண்டு ஒயரிலும் ஒரே மாதிரி ஏறுவதால், மிக்சரில் ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்கும்போது அது காணாமல் போகும். மேடையிலிருந்து மிக்சர் 20, 30 மீட்டர் தள்ளி இருந்தால் டி.ஐ.யைத்தான் எடுக்க வேண்டும். பிள்ளையார் சதுர்த்திக்கு ஜெனரேட்டரும் சீரியல் விளக்கும் ஓடும் தெருமேடையில் வெறும் லைன் அவுட் கேபிளை அவ்வளவு தூரம் இழுத்தால் பாட்டைவிட ரீங்காரம்தான் அதிகம் கேட்கும்.

புதியவர்கள் இதில் முதலில் ஏமாறுவது டோனில். ஆம்ப்பில் அருமையாக இருந்த டிஸ்டார்ஷன், கூட்டத்துக்காக வைக்கும் பி.ஏ. ஸ்பீக்கரில் டப்பாவில் அடைத்த குளவி மாதிரி கேட்கும். காரணம் எளிது. கிட்டார் ஸ்பீக்கர் 5,000 ஹெர்ட்ஸ் பக்கம் வந்ததும் மேல் சுருதிகளை வெட்டிவிடும், பி.ஏ. ஸ்பீக்கர் அவை எல்லாவற்றையும் அப்படியே வாசிக்கும். ஆகவே அந்த ஜாக்கின் பக்கத்தில் 'கேப் சிம்' அல்லது 'எமுலேட்டட்' என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால், கிட்டார் கேபினெட் செய்யும் அந்த வெட்டு ஆம்ப்பிலேயே நடந்துவிடும். இல்லாவிட்டால், என் கருத்தில், லைன் அவுட்டோடு போராடுவதைவிட ஸ்பீக்கர் முன்னால் ஒரு மைக் வைப்பது மேல். கிளீன் டோனுக்கு மட்டும் லைன் அவுட் பரவாயில்லை.

மிக்சரில் இருப்பவரிடம் மூன்று விஷயம் சொல்லுங்கள்: "அண்ணா, சேனலை மியூட் பண்ணுங்க, ஃபான்டம் பவர் ஆஃப் பண்ணுங்க, அப்புறம் செருகறேன்." ஃபான்டம் பவர் என்பது கண்டென்சர் மைக்குக்காக மிக்சர் திருப்பி அனுப்பும் 48 வோல்ட். அதைத் தாங்கும்படி செய்யப்படாத டி.ஐ. அவுட்களும் உண்டு. சில மிக்சர்களில் எல்லாச் சேனலுக்கும் ஒரே ஃபான்டம் சுவிட்ச்தான், அதனால் கேட்டுவிடுவது நல்லது.

'உம்' என்ற இரைச்சல் வந்தால் பலகையில் உள்ள 'கிரவுண்ட் லிஃப்ட்' சுவிட்சை மாற்றுங்கள். அது எக்ஸ்எல்ஆரின் முதல் பின்னை மட்டும் துண்டிக்கிறது. அதே இரைச்சலைப் போக்க ஆம்ப்பின் பவர் பிளக்கில் எர்த் பின்னை உடைப்பதும், இரண்டு பின் அடாப்டர் போடுவதும் நம் ஊரில் சர்வ சாதாரணம். அது உயிருக்கு உலை வைக்கும். ஆம்ப்பின் உலோக உடல் உங்கள் கிட்டார் கம்பியோடு இணைந்திருக்கிறது. ஆம்ப்பில் கசிவு இருந்தால் கம்பியில் 230 வோல்ட் வரும், உதடு எர்த்தில் இருக்கும் மைக்கைத் தொடும். வாசிக்கும் முன் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து, ஒரு முள்ளை கிட்டார் கம்பியிலும் இன்னொன்றை மைக்கின் வலையிலும் தொட்டுப் பாருங்கள். பூஜ்யத்தை ஒட்டி இருக்க வேண்டும். பத்து, இருபது என்று ஏறினால் சரிசெய்யும் வரை மைக் பக்கம் போகாதீர்கள்.

6. ஹெட்போன், ரெக்கார்டிங் அவுட்

சின்ன ஆம்ப்களில் லைன் அவுட்டின் வேலையையும் ஹெட்போன் ஜாக்கே பார்க்கும். பாஸ் கட்டானா 50 எம்கே2-இல் ஹெட்போனும் ரெக் அவுட்டும் ஒரே ஜாக். ஆரஞ்ச் கிரஷ் 35ஆர்டி-இல் ஹெட்போன் ஜாக்கிலேயே கேப் சிம் உண்டு. வீட்டில் ரெக்கார்டிங்குக்கு இவை அருமை.

இங்கே இரண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். ஒன்று, இதில் பிளக் செருகினால் பொதுவாக ஸ்பீக்கர் அடங்கிவிடும். மேடையில் இதிலிருந்து மிக்சருக்குக் கொடுத்துவிட்டு, "என் சத்தமே எனக்குக் கேட்கவில்லை" என்று திகைக்காதீர்கள். மேடையில் உங்களைப் பார்த்து வைத்திருக்கும் மானிட்டர் ஸ்பீக்கரில் உங்கள் கிட்டாரைக் கேட்டு வாங்குங்கள். இன்னொன்று, இது ஸ்டீரியோ ஜாக். பிளக்கில் இரண்டு கறுப்பு வளையம் இருக்க வேண்டும். ஒரே வளையமுள்ள கிட்டார் கேபிளைச் செருகினால் வலது பக்கத்து வெளியீடு எர்த்தோடு ஷார்ட் ஆகும். உடனே எரியாது என்றாலும் அந்தச் சின்ன ஹெட்போன் சர்க்யூட்டுக்கு அது வேண்டாத சுமை.

இன்டர்ஃபேஸுக்குக் கொடுக்கும்போது அங்கே 'இன்ஸ்ட்' (இன்ஸ்ட்ருமெண்ட்) பட்டனை அணைத்துவிட்டு லைனில் வையுங்கள். ஆம்ப்பின் வால்யூமை அடிமட்டத்தில் வைத்துத் தொடங்கி மெல்ல ஏற்றுங்கள்.

டியூப் ஆம்ப்பை அபார்ட்மெண்டில் சத்தமில்லாமல் வாசிக்க வேண்டும், ஆனால் ஹெட்போன் ஜாக் இல்லை என்றால், ஸ்பீக்கர் அவுட்டுக்கும் ஹெட்போனுக்கும் நடுவில் லோட் பாக்ஸ் வேண்டும். ஸ்பீக்கர் இடத்தில் உட்கார்ந்து சக்தியை வாங்கி வெப்பமாக்கிவிட்டு, சின்ன சிக்னலை மட்டும் வெளியே விடும். ஓம் பொருந்த வேண்டும், வாட் ஆம்ப்பைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். ஆம்ப்பிலிருந்து லோட் பாக்ஸுக்குப் போவது ஸ்பீக்கர் கேபிள் என்பதை மறக்காதீர்கள்.

7. சென்ட், ரிட்டர்ன்

'எஃபெக்ட்ஸ் லூப்' என்று போட்டிருக்கும் இந்த ஜோடியில் சென்ட் வெளியே போவது, ரிட்டர்ன் உள்ளே வருவது. ஆம்ப்பின் முன்பாதியான ப்ரீஆம்ப் டோனையும் டிஸ்டார்ஷனையும் உருவாக்குகிறது, பின்பாதியான பவர் ஆம்ப் அதைப் பெரிதாக்குகிறது. இந்த இரண்டு ஜாக்கும் அந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கின்றன.

டிலே, ரிவர்ப் பெடல்களை இங்கே வைப்பார்கள். முன்னால் வைத்தால் எதிரொலியின் மேல் டிஸ்டார்ஷன் ஏறிக் குழைந்துவிடும். ஓவர்டிரைவ், 'வா' (wah) பெடல் வகையறா கிட்டாருக்கும் இன்புட்டுக்கும் நடுவிலேயே இருக்கட்டும். பெடல் கரகரத்தால் லூப்பின் அளவு சுவிட்சை லைனிலிருந்து இன்ஸ்ட்ருமெண்டுக்கு மாற்றிப் பாருங்கள், தரையில் வைக்கும் பல பெடல்களுக்கு லைன் அளவு தாங்காது.

மல்டி எஃபெக்ட் பெடலில் ஆம்ப் மாடல் வைத்து வாசிப்பவர்கள் அதை ஆம்ப்பின் இன்புட்டில் செருகாமல் ரிட்டர்னில் செருகினால், ஆம்ப்பின் மேல் ஆம்ப் ஏறும் அந்தச் சேற்று டோன் போய்விடும். பெடலில் கேப் சிம்மை அணைத்துவிடுங்கள், ஏனென்றால் உண்மையான ஸ்பீக்கர் அங்கேயே இருக்கிறது. சில ஆம்ப்பில் ரிட்டர்ன் ஜாக் 'பவர் ஆம்ப் இன்' என்ற பெயரில் தனியாக இருக்கும்.

லைன் அவுட் இல்லாத ஆம்ப்பில் சென்ட்டிலிருந்து இன்டர்ஃபேஸுக்கு எடுக்கலாம், கேப் சிம்மை லேப்டாப்பில் போட்டுக்கொள்ளலாம். டியூப் ஆம்ப் என்றால் அப்போதும் ஸ்பீக்கர் மாட்டியே இருக்க வேண்டும்.

8. அவுட்புட் போல தெரிந்தும் அவுட்புட் அல்லாதவை

ஃபுட் சுவிட்ச் ஜாக்கில் சில ஆம்ப்கள் சுவிட்சின் விளக்குக்காகச் சின்ன மின்னழுத்தம் அனுப்பும், அதில் கிட்டாரோ மிக்சரோ வேண்டாம். ஆக்ஸ் இன் போனில் பாட்டு ஓட்டுவதற்கு. யூஎஸ்பி கம்ப்யூட்டருக்கு, அதுவும் எல்லா ஆம்ப்பிலும் ஆடியோவுக்காக இருப்பதில்லை, சிலவற்றில் அப்டேட்டுக்கு மட்டும்.

9. மாட்டும் வரிசை

பவர் ஆஃப் நிலையில் ஸ்பீக்கர் கேபிளை முதலில் செருகுங்கள், கேபினெட் முனை நன்றாக 'கிளிக்' என்று உட்கார்ந்ததா என்று விரலால் அழுத்திப் பாருங்கள். அப்புறம் ஓம் சுவிட்ச். அதன் பிறகு லூப், லைன் அல்லது டி.ஐ., கடைசியாகக் கிட்டார். எல்லா வால்யூமும் பூஜ்யம். இப்போது பவர். டியூப் ஆம்ப்பில் ஸ்டாண்ட்பை இருந்தால் ஒரு நிமிடம் சூடேற விட்டு எடுங்கள். மிக்சரில் மியூட்டை எடுக்கச் சொல்வது எல்லாவற்றுக்கும் பிறகு.

கழற்றும்போது தலைகீழ். ஓம் சுவிட்சை ஆம்ப் ஓடும்போது திருப்பவே கூடாது, திரும்பும் அந்த நொடியில் ஸ்பீக்கர் துண்டிக்கப்படலாம்.

10. சத்தம் வராவிட்டால் அல்லது விட்டுவிட்டு வந்தால்

டியூப் ஆம்ப்பில் திடீரென்று சத்தம் நின்றால் வால்யூமை ஏற்றிப் பார்க்காதீர்கள். அது இயல்பாக வரும் பழக்கம், ஆனால் ஸ்பீக்கர் கேபிள் கழன்றிருந்தால் அந்த ஏற்றம்தான் டிரான்ஸ்ஃபார்மரைக் கொல்லும். உடனே ஸ்டாண்ட்பை, அல்லது பவர் ஆஃப். முதலில் ஸ்பீக்கர் கேபிளின் இரு முனையையும் பாருங்கள்.

ஹெட்போன் ஜாக்கில் யாரோ விட்டுப்போன அடாப்டர் இருக்கிறதா பாருங்கள். ஜாம் ரூம் ஆம்ப்களில் இது அடிக்கடி நடக்கும், கேபிள் இல்லாத வெறும் அடாப்டரே ஸ்பீக்கரை அடக்கிவிடும்.

சத்தம் மங்கி, பின் பளிச்சென்று திரும்பி, மறுபடி மங்கினால் ஒரு சின்னக் கிட்டார் கேபிளை எடுத்து சென்ட்டிலிருந்து ரிட்டர்னுக்கு நேராகச் செருகுங்கள். சத்தம் முழுசாக வந்துவிட்டால் கோளாறு ரிட்டர்ன் ஜாக்கின் உள்தொடர்பில். லூப்பில் எதுவும் இல்லாதபோது சிக்னல் அந்த மெல்லிய தகடு வழியாகத்தான் போகிறது, தூசியும் ஈரமும் சேர்ந்து அது களிம்பேறியிருக்கும். பவரை அணைத்து, காண்டாக்ட் கிளீனரைப் பிளக்கின் மேல் கொஞ்சம் அடித்து, அதே பிளக்கை ரிட்டர்னில் பத்துப் பதினைந்து தடவை செருகி எடுங்கள். காய விட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள். கிளீனர் கையில் இல்லையென்றால் அன்றைய நிகழ்ச்சியை அந்தச் சின்னக் கேபிளோடேயே முடித்துவிடலாம், ஆம்ப்புக்கு ஒன்றும் ஆகாது.